60,000 ரூபாயில் ஒரு குட்டி கேரவன்... ஈகோ, ஆம்னியை கேம்பர் வேனாக மாற்றுவது எப்படி?

இன்ஸ்டாவைத் திறந்தால் போதும்... பின்கதவைத் தூக்கி வைத்த வேன், உள்ளே வெள்ளை மெத்தை, மஞ்சள் சீரியல் லைட், வெளியே மூணாறு பனி. `இப்படி ஒண்ணு நமக்கும் இருந்தா வாரா வாரம் கிளம்பிடலாமே' என்று தோணாத 25 வயது ஆள் இருக்க முடியாது. கம்பெனிகளிடம் விலை கேட்டால் லட்சங்களில் பேசுகிறார்கள். ஆனால், உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு மாருதி ஈகோ நின்றாலோ, செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கும் யோசனை இருந்தாலோ, வண்டி விலை போக 60,000 ரூபாயில் இரண்டு பேர் நிம்மதியாகத் தூங்கி, சமைத்து, போனை சார்ஜ் போட்டுக்கொள்ளும் அளவுக்கு அதைத் தயார் பண்ணிவிடலாம். ஏ.சி, ஷவர், டி.வி எல்லாம் இந்த பட்ஜெட்டில் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஆசாரியைக் கூப்பிடுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது சட்டம். ரீல்ஸில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. அதனால் அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

சீட்டைக் கழற்றினால் கேஸா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு சொல்வது இதுதான்: ஆர்.சி-யில் இருக்கும் விவரங்கள், வண்டியைத் தயாரித்த கம்பெனி முதலில் குறிப்பிட்ட விவரங்களோடு முரண்படும்படி ஒரு வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. எத்தனை சீட் என்பதும் ஆர்.சி-யில் இருக்கிற விவரம்தான். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பில் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே.

அப்படியானால் கேம்பர் வேனே கூடாதா? அப்படியும் இல்லை. மத்திய அரசு 2004-ல் வெளியிட்ட வாகன வகைப் பட்டியலில், சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்று தனி வகையே இருக்கிறது. அது டிரான்ஸ்போர்ட் அல்லாத வண்டி என்ற பிரிவில் வருகிறது. கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ்-124 என்ற தனி தர நிர்ணயமும் உண்டு. அந்தத் தரத்துக்குக் கட்டி, சான்றிதழ் வாங்கி, பதிவு செய்தால் முழுக்க சட்டப்படியான கேரவன் கிடைக்கும். அந்த வழியில் போக 60,000 பத்தாது. அதில் இன்னொரு பூஜ்யம் சேர்த்தாலும் இழுபறிதான்.

மிடில் கிளாஸுக்கு இருக்கும் வழி வேறு. வண்டியின் உடம்பில் கை வைக்காமல் ஒரு `கிட்' செய்வது. வெட்டக் கூடாது, வெல்டிங் கூடாது, பாடியில் ஓட்டை போடக் கூடாது, சீட்டைப் பிடுங்கக் கூடாது. கட்டில், பேட்டரி பெட்டி, அடுப்பு எல்லாமே ஏற்றி இறக்கும் சாமான்களாகவே இருக்க வேண்டும். மரச்சாமானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது மாதிரிதான் இதுவும். ஞாயிற்றுக்கிழமை இரவு இறக்கி வைத்துவிட்டால் திங்கள்கிழமை காலை அது பழைய ஈகோ. சீட்டை போல்ட் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகும் ஆட்களும் இருக்கிறார்கள். அது ரிஸ்க். அப்படித்தான் செய்ய வேண்டும் என்றால் உங்கள் ஏரியா ஆர்.டி.ஓ அலுவலகத்தில் விண்ணப்பித்து, அனுமதியை ஆர்.சி-யில் ஏற்றிவிட்டுச் செய்யுங்கள். `ஃபிரெண்டு சொன்னான், ஒண்ணும் ஆகாது' என்பதெல்லாம் செக்போஸ்ட்டில் செல்லாது.

இன்ஷூரன்ஸும் இதோடு ஒட்டியதுதான். நிரந்தரமாக எதையாவது மாற்றிவிட்டு கம்பெனியிடம் சொல்லாமல் விட்டால், விபத்து நடந்து க்ளெய்ம் கேட்கும்போது அதுவே மறுக்கக் காரணமாகிவிடும். இன்னொரு விஷயம்... ஒயிட் போர்டு வண்டியில் கிட் போட்டு, `ஒரு நாளைக்கு இவ்வளவு' என்று வாடகைக்கு விடும் ஐடியா இருந்தால் இப்போதே மறந்துவிடுங்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு விடுவது தனி கேஸ்.

எந்த வண்டி?

1984-ல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, பிறகு ஆம்னி ஆனது நம் ஊரின் செல்ல வண்டி. 2019-ல் தயாரிப்பு நின்றுவிட்டது. செகண்ட் ஹேண்டில் இன்னும் மலிவாகக் கிடைக்கிறது. 796 சி.சி இன்ஜின், எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். ஆனால், இரண்டு பேர், கட்டில், பேட்டரி, தண்ணீர் கேன் என்று ஏற்றிக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது அது படும் பாடு பார்க்கப் பாவமாக இருக்கும். அதோடு, பதிவுச் சான்று 15 வருடத்துக்குத்தான். அதற்குப் பிறகு 5 வருடத்துக்கு ஒரு முறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 40,000 ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டு, புதுப்பிக்கும் செலவு, டிங்கரிங், பசுமை வரி என்று அதே அளவு பணம் போகலாம். ஆர்.சி-யில் தேதியைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

என் ஓட்டு ஈகோவுக்கு. 2010-ல் வந்தது, 1.2 லிட்டர் இன்ஜின். நீளம் 3,675 மி.மீ, அதாவது 12 அடி. அகலம் 1,475 மி.மீ. ஸ்விஃப்ட்டைவிட நீளம் குறைவு என்பதால் சந்துக்குள் நிறுத்துவதும் சுலபம். 5 சீட்டர் மாடலைத் தேடுங்கள். பின்சீட்டுக்குப் பின்னால் பெரிய இடம் கிடைக்கும். வாங்கும்போதே பின்சீட் சாய்மானம் எவ்வளவு மடங்குகிறது என்று மடக்கிப் பாருங்கள். நம் கட்டிலின் உயரத்தை அதுதான் முடிவு பண்ணும். சி.என்.ஜி வண்டி என்றால் சிலிண்டர் எங்கே இருக்கிறது, எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்று குனிந்து பார்த்துவிடுங்கள்.

`கார்கோ மாடல் விலை கம்மி, உள்ளே காலியா வேற இருக்கு' என்று ஒரு ஆசை வரும். அது சரக்கு வண்டியாகப் பதிவாவது. ஆள் ஏற்றக் கூடாது, எஃப்.சி காட்ட வேண்டும். குடும்பத்தோடு டூர் போக அது வேலைக்கு ஆகாது. டாடா விங்கர், ஃபோர்ஸ் டிராவலர் எல்லாம் நின்றுகொண்டே பேன்ட் மாற்றும் அளவுக்கு வசதி. ஆனால், விலையும் வரியும் வேறு லெவல். நம் பட்ஜெட் அங்கே நுழையாது.

ஈகோவிலும் ஆம்னியிலும் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. இது கேம்பர் ஆட்கள் மறக்கக் கூடாத விஷயம். நாலு மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தினால் அந்தச் சூடு இறங்க நேரமாகும். சாப்பாட்டை முடித்து, ஒரு மணி நேரம் கதவுகளைத் திறந்து போட்டுவிட்டுப் படுப்பது உத்தமம். இன்ஜினுக்கு மேலிருக்கும் மூடியின் ரப்பர் பீடிங் கிழிந்திருந்தால் கட்டில் செய்வதற்கு முன்னால் அதை மாற்றுங்கள். புகை உள்ளே வருவதற்கு அதுவும் ஒரு வழி. அந்த மூடியைத் திறக்க முடியாதபடி எதையும் மேலே கட்டிவிடாதீர்கள். ரோட்டில் நின்றால் மெக்கானிக் முதலில் திட்டுவது உங்களைத்தான்.

காசை எப்படிப் பிரிப்பது?

விலை ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். அதனால் பொருளுக்கு விலை பார்ப்பதைவிட தொகையை இப்படி ஒதுக்கிவைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கட்டிலும் மெத்தையும் 16,000. பேட்டரி, வயரிங், ஃபேன், லைட் சேர்த்து 24,000. வெயில் தடுப்பு, திரை, கொசுவலைக்கு 8,000. அடுப்பு, தண்ணீர், பாத்திரத்துக்கு 5,000. பாதுகாப்புச் சாமான்களுக்கு 4,000. மீதி 3,000 சில்லறைச் செலவு. அதில் ஒரு பகுதி டீ, வடைக்கே போகும்.

கட்டில்: இஞ்ச் டேப்தான் இன்ஜினீயர்

மரக்கடைக்குப் போவதற்கு முன்னால் வண்டிக்குள் ஏறிப் படுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். முன்சீட்டை முடிந்தவரை முன்னால் தள்ளி, பின்சீட்டை மடக்கி, தரையில் ஒரு பழைய பாயைப் போட்டு, கூடப் படுக்கப் போகிறவரையும் படுக்க வைத்துப் பாருங்கள். கால் நீட்ட முடிகிறதா, குறுக்காகப் படுத்தால் இடம் கிடைக்கிறதா, சக்கரத்தின் மேல் வரும் மேடு எங்கே இடிக்கிறது... எல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். 5 அடி 8 இஞ்ச் வரை உள்ளவர்கள் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். அதற்கு மேல் என்றால் முன்சீட் சாய்மானத்தையும் சாய்த்து, கட்டிலின் தலைப்பக்கம் அதன் மேல் வருகிற மாதிரி ஒரு மடக்குப் பலகை சேர்க்க வேண்டியிருக்கும்.

அடுத்து உயரம். கட்டில் உயர உயர அடியில் சாமான் வைக்க இடம் கூடும். மேலே உட்கார இடம் குறையும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பஞ்சாயத்து உண்டு. மெத்தையின் மேல் உட்கார்ந்தால் தலைக்கும் கூரைக்கும் நடுவில் இரண்டு இஞ்சாவது மிச்சம் இருக்க வேண்டும். மழை பெய்து, வெளியே போக முடியாமல் மூன்று மணி நேரம் உள்ளே மாட்டிக்கொள்ளும் நாளில் அந்த இரண்டு இஞ்ச்சின் அருமை புரியும்.

பலகைக்கு 12 மி.மீ பி.டபிள்யூ.ஆர் பிளைவுட் போதும். அது ஓரளவு ஈரத்தைத் தாங்கும். 8-க்கு 4 அடி ஷீட் ஒன்று 20 கிலோவுக்கு மேல் இருக்கும். `ஸ்ட்ராங்கா இருக்கட்டும் சார்' என்று ஆசாரி 19 மி.மீ சொல்வார். தலையாட்டாதீர்கள். வண்டியில் ஒவ்வொரு கிலோவும் மைலேஜைத் தின்னும். பலகை தொய்யாமல் இருக்க கனம் தேவையில்லை, கீழே தாங்கல்தான் நெருக்கமாக இருக்க வேண்டும். இரண்டு அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம் என்று வைத்தால் 12 மி.மீ தாராளம்.

முழுக் கட்டிலையும் ஒரே துண்டாகச் செய்தால் வண்டிக்குள் போகாது. போனாலும் ஒரு ஆளாக இறக்க முடியாது. மூன்று துண்டாகப் பிரித்து, பியானோ கீலால் இணைத்து, மடக்குக் கால் வைக்கச் சொல்லுங்கள். கால்களின் அடியில் ரப்பர் புஷ் கட்டாயம். இல்லையென்றால் மேட்டில் இறக்கத்தில் கீச் கீச் என்று ஒரு சத்தம், ஊட்டி வரைக்கும் கூட வரும். பாடியில் ஓட்டை போடாமல் கட்டிலை எப்படி நிறுத்துவது என்ற கேள்விக்குப் பதில், ரேட்செட் பெல்ட். லாரிக்காரர்கள் சரக்கைக் கட்டுகிற அதே பட்டைதான். சீட் பெல்ட் பிடிப்புகளிலும் சீட்டின் கால்களிலும் கொக்கியை மாட்டி இறுக்கிவிடுங்கள். இது வசதிக்காக மட்டும் சொல்வதில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் சடன் பிரேக் அடித்தால், கட்டப்படாத பலகை நேராக டிரைவரின் பின்மண்டைக்குத்தான் வரும். அதே காரணத்தால், வண்டி ஓடும்போது யாரும் கட்டிலில் படுத்து வரக் கூடாது. இரண்டு பேர் என்றால் இரண்டு முன்சீட், இரண்டு சீட் பெல்ட். அவ்வளவுதான்.

மெத்தைக்கு 3 அல்லது 4 இஞ்ச் ஹெச்.ஆர் ஃபோம். டெய்லரிடம் ஜிப் வைத்த காட்டன் உறை. ரெக்ஸின் வேண்டவே வேண்டாம், நம் ஊர் வேர்வைக்கு முதுகு ஒட்டிக்கொள்ளும்.

தகரப் பெட்டியும் தமிழ்நாட்டு வெயிலும்

வெளிநாட்டு வீடியோக்களில் குளிருக்கு இன்சுலேஷன் போடுவார்கள். நமக்கு எதிரி வெயில். கூரைதான் முக்கியமாகச் சூடேறும். கூரை உள்பக்கம் அலுமினிய ஃபாயில் ஒட்டிய எக்ஸ்.எல்.பி.இ ஷீட்டை அளவுக்கு வெட்டி, வெல்க்ரோ வைத்து ஒட்டுங்கள். கழற்றவும் வசதி. கண்ணாடிகளுக்கு அதே ஷீட்டில் அச்சாக வெட்டிய அட்டைகள். நிறுத்தின பிறகு செருகினால் வெயிலும் நுழையாது, வெளியிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவும் முடியாது. கறுப்பு ஃபிலிம் ஒட்டும் வேலையே வேண்டாம். முன்பின் கண்ணாடிகளில் 70 சதவிகிதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவிகிதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி. ஓட்டும்போது இந்த அட்டைகளையும் எடுத்துவிட வேண்டும்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மே மாதம் மதுரையில் எந்த ஷீட் போட்டாலும் இரவு 10 மணிக்கு இந்த வேனுக்குள் தூங்க முடியாது. இந்த வண்டி அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை சமவெளிக்கு, மற்ற மாதங்களில் மலைக்கு. மாலை வெயில் படாத நிழலில் நிறுத்துவது 2,000 ரூபாய் ஷீட்டைவிட நன்றாக வேலை செய்யும்.

கொசுவலை இல்லாமல் ஜன்னலைத் திறக்க முடியாது, ஜன்னலைத் திறக்காமல் மூச்சுவிட முடியாது. காந்தப் பட்டை தைத்த வலையை ஜன்னல் தகரத்தில் ஒட்டவைத்தால் போதும். எதிரெதிர்ப் பக்கம் இரண்டு ஜன்னல், இரண்டு விரல் அளவாவது திறந்திருக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் படுத்தால், இரண்டு பேர் விடும் மூச்சுக் காற்றே கூரையில் நீராகக் கோத்து விடிகாலையில் முகத்தில் சொட்டும்.

கரன்ட் கணக்கு: எட்டாம் கிளாஸ் இயற்பியல் போதும்

வண்டியின் சொந்த பேட்டரியிலிருந்து ராத்திரி முழுக்க ஃபேன் ஓட்டினால் காலையில் செல்ஃப் எடுக்காது. தனி பேட்டரி வேண்டும். எவ்வளவு பெரியது? முதலில் செலவைக் கூட்டுவோம். 10 வாட் 12 வோல்ட் ஃபேன் இரண்டு, 8 மணி நேரம் என்றால் 160 வாட் ஹவர். 10 வாட் எல்.இ.டி லைட் 4 மணி நேரத்துக்கு 40. இரண்டு போன் சார்ஜ் சுமார் 30. லேப்டாப் ஒரு முறைக்கு 60. மொத்தம் 290.

12.8 வோல்ட், 50 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரியில் இருப்பது 640 வாட் ஹவர். முழுசாக வற்றவிடாமல் 550 வரை எடுக்கலாம். அதாவது, சார்ஜே போடாமல் கிட்டத்தட்ட இரண்டு இரவு. வார இறுதிப் பயணத்துக்கு இதற்கு மேல் தேவையில்லை. கடையில் 100 ஆம்பியர் வாங்கச் சொல்வார்கள். உங்கள் கணக்கைக் காட்டுங்கள்.

லித்தியத்தில் எல்.எஃப்.பி என்ற வகையைக் கேட்டு வாங்குங்கள். சூட்டைத் தாங்குவதில் மற்ற லித்தியம் வகைகளைவிட இது நிதானமானது. `வீட்ல பழைய இன்வெர்ட்டர் பேட்டரி சும்மா கிடக்கே' என்பவர்களுக்கு: ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுசு குறையும், தூக்கினால் இடுப்பு போகும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு விடும். தூங்குகிற பெட்டிக்குள் அது வேண்டாம்.

சார்ஜ் போட மூன்று வழி. கிளம்பும் முன் வீட்டில் எல்.எஃப்.பி சார்ஜரில் போடுவது முதல் வழி. 100 வாட் சோலார் பேனல் இரண்டாவது. நம் ஊர் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 350 முதல் 400 வாட் ஹவர் தரும். பேனலைக் கூரையில் ஓட்டை போட்டுப் பொருத்தாமல், நிறுத்திய இடத்தில் வெயில் பார்த்து சாய்த்து வைக்கிற மாதிரி வைத்துக்கொண்டால் சட்டச் சிக்கலும் இல்லை, வண்டியை நிழலிலும் நிறுத்தலாம். வண்டி ஓடும்போது டி.சி டு டி.சி சார்ஜர் வழியாக ஏற்றுவது மூன்றாவது. இரண்டு பேட்டரியையும் வெறும் வயரால் நேராக இணைப்பது மட்டும் கூடவே கூடாது. 24,000 ரூபாய்க்குள் இந்த மூன்றையும் வாங்க முடியாது. வீட்டுச் சார்ஜரோடு ஆரம்பியுங்கள். பேனலைத் தீபாவளி போனஸுக்கு விட்டுவிடலாம்.

`இண்டக்‌ஷன் ஸ்டவ் வெச்சா கேஸே வேணாமே' என்று கேட்பீர்கள். 1,500 வாட் இண்டக்‌ஷனை 12 வோல்ட்டில் ஓட்ட 125 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சுண்டு விரல் தடிமனுக்கு வயர் வேண்டும், நம் பேட்டரி 20 நிமிஷத்தில் படுத்துவிடும். குழம்பு கொதிக்கும்போது அடுப்பு அணையும்.

வயரிங்கில் ஒரே ஒரு விதியை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். வீட்டு 230 வோல்ட்டில் 120 வாட் என்பது அரை ஆம்பியர். இங்கே அதுவே 10 ஆம்பியர். வோல்ட் குறைவு என்பதால் ஷாக் அடிக்காது, ஆனால் ஒல்லி வயர் சூடாகித் தீப்பிடிக்கும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் மெயின் ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஃபேனுக்கு ஒன்று, லைட்டுக்கு ஒன்று என்று தனித்தனி ஃப்யூஸ். ஆட்டோ ஃப்யூஸ் பாக்ஸ் சில நூறு ரூபாய்தான். இந்த வேலையை ஹவுஸ் வயரிங் ஆளிடம் கொடுக்காமல், ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத வில்லன்

2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். கோழிக்கோடு என்.ஐ.டி நிபுணர்கள் அதே வண்டியை வைத்துச் சோதித்ததில், ஜெனரேட்டரிலிருந்து வெளியான கார்பன் மோனாக்ஸைடு உள்ளே கசிந்ததுதான் காரணம் என்று தெரிய வந்தது. இந்த வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தூங்குகிற ஆளுக்கு மூச்சு முட்டுகிற உணர்வே வராது. அப்படியே போய்விடுவார்கள்.

அதனால் தூங்கும்போது இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி போடுவது, குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வைப்பது, ஜெனரேட்டரை வண்டியின் அடியில் வைப்பது... இந்த மூன்றும் எந்தச் சூழ்நிலையிலும் கிடையாது. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது. 60,000-த்தில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், தலை மட்டத்தில் வையுங்கள். ஒரு கிலோ ஏ.பி.சி தீயணைப்பான் ஒன்றும், கட்டிலில் இருந்தே கை எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும்.

கேஸும் இதே கதைதான். 2023 ஆகஸ்டில் மதுரை ரயில் நிலையத்தில் நின்ற சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறி எடுத்து வந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தது நினைவிருக்கும். ஒரு ரயில் பெட்டியிலேயே அப்படி என்றால், 12 அடி வேன் எத்தனை நொடி தாங்கும்? சமையல் வெளியில் மட்டும்தான். பின்கதவைத் தூக்கினால் அதுவே கூரை. ஒரு மடக்கு மேசை, சின்ன பியூட்டேன் கேன் அடுப்பு, காற்றுத் தடுப்பு. இதுதான் கிச்சன். சமைத்து முடித்ததும் கேனைக் கழற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். சமவெளி மதிய வெயிலில் பூட்டிய வண்டிக்குள் கேனை விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகாதீர்கள். மழை வந்தால்? மெஸ் இருக்கிறது, பரோட்டா கடை இருக்கிறது.

தண்ணீரும் இன்ன பிறவும்

20 லிட்டர் கேன், அதன் மேல் செருகும் யு.எஸ்.பி சார்ஜ் பம்ப். வீட்டில் இருப்பதையே எடுத்துக்கொள்ளலாம். சிங்க், குழாய், பைப் என்று ஆரம்பித்தால் கசிவும் ஆரம்பிக்கும். ஒரு பிளாஸ்டிக் டப் போதும்.

டாய்லெட்டுக்கு பெட்ரோல் பங்க், டோல் பிளாசா, ஹோட்டல். நடு ராத்திரி அவசரத்துக்கு, குறிப்பாகப் பெண்களும் பெரியவர்களும் கூட வந்தால், மூடி உள்ள மடக்கு கமோடு ஒன்றை வண்டியில் போட்டு வையுங்கள். பையைக் கட்டி மறுநாள் குப்பைத் தொட்டியில் சேர்க்க வேண்டும். காட்டில் வீசிவிட்டு வரக் கூடாது.

எல்லாம் ஏற்றிய பிறகு, முழு டேங்க், தண்ணீர், ஆட்களோடு ஒரு எடை மேடையில் வண்டியை நிறுத்திப் பாருங்கள். சில ரூபாய்தான் வாங்குவார்கள். சீட்டில் வரும் எடை, ஆர்.சி-யில் இருக்கும் மொத்த எடையைத் தாண்டக் கூடாது. கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் லோடு இருக்கும்போது பின்டயருக்கு எவ்வளவு காற்று என்று போட்டிருக்கும், அதையும் பார்த்துப் பிடியுங்கள்.

எங்கே நிறுத்துவது?

நம் ஊரில் கேரவன் பார்க் கலாசாரம் இன்னும் வளரவில்லை. கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டு வந்து, வாகமணில் ஒரு பார்க்கும் திறந்தது. தமிழ்நாட்டில் நமக்குக் கைகொடுப்பவை 24 மணி நேர பெட்ரோல் பங்குகளும், பெரிய ஹைவே ஹோட்டல்களின் பார்க்கிங்கும்தான். `அண்ணே, ராத்திரி வண்டியிலயே படுத்துட்டுக் காலையில கிளம்பிடுறோம்' என்று மேனேஜரிடம் கேட்டு, அங்கேயே சாப்பிட்டுவிட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வாட்ச்மேனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் படுத்தால் அவரே நமக்கும் காவல். ஹோம் ஸ்டேக்காரர்களிடம் ரூம் வேண்டாம், பார்க்கிங்கும் பாத்ரூமும் மட்டும் என்று கேட்டால் குறைந்த காசில் முடியும்.

காட்டுக்குள் மட்டும் ஹீரோயிசம் வேண்டாம். முதுமலை - பந்திப்பூர் சாலையில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்தே கிடையாது. திம்பம் மலைப்பாதையிலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. புலிகள் காப்பகச் சாலையில் வண்டியை ஓரங்கட்டிப் படுத்தால் வனத்துறை வரும், வனத்துறைக்கு முன்னால் யானை வரும். 2024 மே 7-லிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்ற வரம்பும் வந்துவிட்டது. கிளம்பும் முன் போட்டுவிடுங்கள். கடற்கரை மணலில் ஈகோவை இறக்குவது இன்னொரு ரீல்ஸ் வியாதி. பின்சக்கரம் புதைந்தால் டிராக்டர்தான் வர வேண்டும், அவர் கேட்பதுதான் ரேட்.

முதல் இரவை மூணாறில் வைக்காதீர்கள், வீட்டு வாசலில் வையுங்கள். எந்த ஸ்க்ரூ முழங்காலில் குத்துகிறது, ஃபேன் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறதா, இருட்டில் டார்ச் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறதா... எல்லாம் தெரிந்துவிடும். அடுத்தது அதிக தூரமில்லாத இடத்தில் ஒரு ராத்திரி. சென்னைக்காரர்களுக்கு ஏலகிரி கொஞ்சம் தூரம், மரக்காணம் பக்கம் போகலாம். கோவைக்காரர்களுக்கு ஆழியாறு. அதற்குப் பிறகுதான் நீண்ட பயணம்.

நாளைக்கே இந்தப் பைத்தியம் தெளிந்துவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. கிட்டைக் கழற்றிவிட்டால் வண்டி பழைய ஈகோவாகவே விலைபோகும். கட்டில் மொட்டை மாடிக்கு, பேட்டரி பவர்கட்டுக்கு. கிட்டை மட்டும் தனியாக விற்கவும் முடியும். அதே மாடல் வண்டி வைத்திருப்பவராகப் பார்த்துக் கொடுங்கள்.